ஏரலில் இல்லாத கடை

மூன்று வருடங்களுக்கு முன்பு, தூத்துக்குடியில், கத்திரி முடிந்தும் வெயில் முடியாத ஒரு ஜூன் மாதத்தில் இது நடந்தது. அப்போது நான் பன்னிரண்டு வெப்சைட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொள்வது என்றால், யாராவது போனில் தேடும்போது அந்தக் கடை மேலே வரும்படி செய்வது. எஸ்.இ.ஓ. என்பார்கள்.

அதற்கு முன் துறைமுகம் வழியாகச் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் பதினோரு வருடம் ஷிப்பிங் பில் டைப் செய்தேன். அலுவலகம் சென்னைக்குப் போனது. என்னால் போக முடியவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேஜை மேல் லேப்டாப்பை வைத்து, வீடியோக்களைப் பார்த்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். உப்புக் கம்பெனி, படகு இன்ஜின் ரிப்பேர், பல் ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான். தேடினால் நாமதான் முதலில் வரணும்.

நானும் எல்லோரிடமும் ஒன்றைத்தான் கேட்பேன். கடையின் படம் நாலு எடுத்து அனுப்புங்கள், திறக்கிற நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள், வருகிறவர்கள் உங்களிடம் என்னென்ன கேட்கிறார்கள் என்று எழுதிக் கொடுங்கள். யாரும் அனுப்ப மாட்டார்கள். நாலு தடவை ஞாபகப்படுத்தி, அலுத்துப்போய், கடைசியில் நானே எதையாவது இட்டுக்கட்டி எழுதிவிடுவேன். படங்களையும் எங்கிருந்தோ எடுத்துப் போடுவேன். அந்த அலுப்பில்தான் அந்தத் தப்பையும் செய்தேன்.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று, செயற்கைக் கால் செய்து கொடுக்கும் கடை. அதன் உரிமையாளருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அளவெடுப்பது, அச்சு வார்ப்பது, மாட்டி நடக்கப் பழக்குவது எல்லாம் அவரே. நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். நாள் முழுக்கக் கையில் பிளாஸ்டர் மாவு அப்பியிருக்கும். பாதி நேரம் போனை எடுக்கவே மாட்டார். ஆட்கள் வரத்து குறைவாக இருக்கிறது, ஏதாவது செய்யுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

ஒரே மத்தியானத்தில் ஒன்பது பக்கங்கள் செய்தேன். திருச்செந்தூர், காயல்பட்டினம், ஓட்டப்பிடாரம், ஏரல் என்று ஊருக்கு ஒரு பக்கம். எழுத்து ஒன்றேதான், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினேன். ஏரலுக்கு மட்டும், கொஞ்சம் வித்தியாசமாக இருக்கட்டும் என்று, 'தாமிரபரணிக் கரையில் உங்கள் அருகிலேயே' என்று தலைப்பு வைத்தேன். 'முன்பதிவு தேவையில்லை, நேரில் வரலாம்' என்று சேர்த்தேன். தூத்துக்குடி விலாசத்தைப் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் அல்லவா? அதனால் போன் நம்பர் மட்டும் போட்டேன். இரண்டே மாதத்தில் ஒன்பது ஊர்த் தேடலிலும் கடை முதலில் வந்தது.

ஒரு நாள் அண்ணாச்சி போனில் சொன்னார், ஓட்டப்பிடாரத்திலிருந்து ஒருத்தர் உங்க பிராஞ்ச் எந்தத் தெரு என்று கேட்கிறார், நமக்கு ஏது பிராஞ்ச் என்று. நான் சிரித்தேன். நம்ம பக்கம் அங்கேயும் தெரிகிறது என்று அர்த்தம் அண்ணாச்சி, நல்லதுதான் என்றேன். அவருக்கு அது புரிந்ததா தெரியவில்லை. அதற்கு மேல் கேட்கவில்லை.

ஜூன் மாதத்தில் கடையின் உண்மையான படங்கள் வேண்டும் என்று நானே கேமராவோடு போனேன். வாசலில் ஏழு படிகள். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. நான் போனபோது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அந்தப் படிகளில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் ஊன்றி ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவர் மனைவி ஒரு கையில் ஊன்றுகோல்களும் இன்னொரு கையில் ஒரு சாக்குப் பையுமாகப் பின்னால் நின்றார். பைக்குள்ளிருந்து பழைய செயற்கைக் காலின் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே அண்ணாச்சி அவர் காலிலிருந்த துணிக்கட்டைப் பிரித்தார். வெட்டிய நுனியில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். அண்ணாச்சி அதைப் பார்த்ததுமே கையைத் துடைத்துக்கொண்டார். இதற்கு மேல் அச்சு எடுக்க முடியாது, புண் ஆறாமல் கால் மாட்டவே கூடாது, சர்க்கரை வேறு இருக்கிறது, ஆறாவிட்டால் முழங்காலுக்கு மேலேயும் எடுக்க வேண்டி வரலாம், முதலில் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். பிறகு, புண் இவ்வளவு பெரிதாகும் வரை ஏன் நடந்தீர்கள் என்று கேட்டார்.

அந்த அம்மாதான் சொன்னார். அவர்களுக்குத் திருச்செந்தூர் பக்கம் ஆலந்தலை. கணவர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். சர்க்கரையில் கால் போய் இரண்டு வருடம். இலவச முகாமில் கொடுத்த கால் தொளதொளவென்று ஆகிவிட்டதால் துணியைத் திணித்து மாட்டிக்கொண்டிருந்தார், நுனியில் சின்னதாகப் புண்ணும் வந்திருந்தது. புதுக்கால் செய்ய இடம் தேடியபோது, காலேஜில் படிக்கும் மகள் போனில் பார்த்து ஏரலில் ஒரு கடை இருக்கிறது என்றாள். தூத்துக்குடியைவிட ஏரல் பக்கமாயிற்றே என்று சந்தோஷப்பட்டார்கள். இரண்டு தடவை போன் அடித்தார்கள், எடுக்கவில்லை. நேரில் வரலாம் என்று போட்டிருந்ததால் கிளம்பிவிட்டார்கள்.

திருச்செந்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஏரலுக்கு ஒரு பஸ். கடைத்தெரு முழுக்க விசாரித்தார்கள். மருந்துக்கடையில் ஆற்றுப் பக்கம் போகச் சொன்னார்கள், ஆற்றுப் பக்கம் இருந்தவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு மணி நேரம் அந்தத் தொளதொளத்த காலோடு வெயிலில் நடந்த பிறகுதான் அண்ணாச்சி போனை எடுத்தார். எடுத்து, கடை தூத்துக்குடியில் இருக்கிறது, ஏரல் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். வீட்டுக்கு வந்து காலைக் கழற்றியபோது துணியெல்லாம் ரத்தம். நாலு நாள் கழித்து, காலைப் பையில் போட்டுக்கொண்டு ஊன்றுகோலோடு இங்கே வந்திருக்கிறார்கள்.

சொல்லிக்கொண்டே அந்த அம்மா போனை என்னிடம் நீட்டினார். நான் கேமராவோடு நின்றதால் விவரம் தெரிந்தவள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"இங்கன பாருங்கம்மா. ஏரல்னு போட்டிருக்குல்லா? நாங்க படிச்சிட்டுத்தான் போனோம்."

திரையில் தாமிரபரணிக் கரை இருந்தது. அந்த வரியை எழுதிய மத்தியானம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நல்ல வரி என்று நினைத்துக்கொண்டு காபி போடப் போனேன்.

அவர் கணவர் தன் புண்ணைப் பார்த்தபடியே, யார் மேலும் கோபமில்லாத குரலில், "எழுதுனவங்களுக்கு ஏரல் எங்கன இருக்குன்னு தெரியுமோ என்னமோ" என்றார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவரும் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் போன் என் கையில் இருந்தது.

"அத எழுதுனது நான்தான்க்கா" என்றேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "கடையே இல்லாத ஊர்ல கடை இருக்குன்னு ஏம்மா எழுதுனிய?" என்று கேட்டார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நிறைய ஊர்ப் பெயர் இருந்தால் தேடலில் மேலே வரும் என்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தப் புண்ணை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்லி முடிப்பது?

அவர்கள் கிளம்பும்போது அண்ணாச்சி, பின்பக்கச் சந்தில் படி இல்லாத சரிவு வழி இருக்கிறது, அப்படிப் போங்கள் என்றார். வரும்போது யாரும் சொல்லவில்லையா என்றும் கேட்டார். யார் சொல்லியிருப்பார்கள்? பக்கம் எழுதிய எனக்கே தெரியாது. ஒரு வருடமாக அந்தக் கடைக்கு வேலை செய்கிறேன், ஒரு தடவைகூட அந்தப் படிகளைப் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போனதும் ஒன்பது பக்கங்களையும் அழித்தேன். ஒரு வாரத்தில் அண்ணாச்சி கூப்பிட்டு, போன் வருவது குறைந்துவிட்டதே என்றார். ஊர் ஊராக ஒன்பது பக்கம் போட்டதையும் அழித்ததையும் சொன்னேன். ஓட்டப்பிடாரத்துக்காரர் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்கணும் என்றார். அவர் அப்படிச் சொன்னது, என்னைத் திட்டியிருந்தால் வலித்திருப்பதைவிட அதிகம் வலித்தது.

அந்த அம்மாவின் நம்பரை வாங்கி வைத்திருந்தேன். வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டேன். நான் பேசுவது அவருக்குப் பிடித்ததா தெரியாது. ஆறிக்கிட்டு வருது என்பார். இல்லையென்றால், சீழ் வைத்திருக்கிறது என்பார். உடனே போனை வைத்துவிடுவார். கரையில் ஏலத்தில் மீன் எடுத்துத் திருச்செந்தூர்த் தெருக்களில் விற்பவர் அவர். கணவர் கால் இல்லாமல் கிடந்ததால் அவரைத் தனியே விட்டுப் போக முடியாமல் பாதி நாள் வியாபாரத்துக்கே போகவில்லை என்பது பேச்சுவாக்கில்தான் தெரிந்தது.

ஜூலை கடைசியில் இரண்டு வாரம் போன் எடுக்கவில்லை. எனக்கு வேலை ஓடவில்லை. முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்களோ என்றே தோன்றியது. பஸ் ஏறி ஆலந்தலைக்குப் போய், கோயில் பக்கம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கணவர் தனியாக வாசல் நிழலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலில் காலைத்தான் பார்த்தேன். முழங்கால் இருந்தது. போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம், அவ்வளவுதான். மனைவி அன்றுதான் பல நாளைக்குப் பிறகு வியாபாரத்துக்குப் போயிருந்தார்.

என்ன பேசுவது என்று தெரியாமல், அந்தப் பக்கத்தை அழித்துவிட்டேன் என்றேன். மகள் சொன்னாள் என்றார். பிறகு, அங்கே என்ன எழுதியிருந்தால் உங்களுக்கு உபயோகமாக இருந்திருக்கும் என்று கேட்டேன். பன்னிரண்டு கடைக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு அலுத்த கேள்வியை, தேடி வந்தவரிடம் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. எந்த பஸ் ஸ்டாண்டில் இறங்கணும், அங்கிருந்து எவ்வளவு தூரம், எத்தனை படி, கக்கூஸ் வெஸ்டர்னா தரையில் குந்துவதா, பழைய காலைக் கொண்டு வரணுமா, எத்தனை தடவை வரவேண்டியிருக்கும் என்று வரிசையாகச் சொன்னார். இரண்டு வருடமாக அவர் எங்கே கிளம்பினாலும் இதையெல்லாம்தான் முதலில் யோசிக்கிறார். கடைசியாக ஒன்று சொன்னார்.

"புண்ணு இருந்தா வரலாமா வரக்கூடாதான்னு ஒரு வரி போட்டிருந்தா, அன்னைக்கு நான் அந்தக் காலையே மாட்டியிருக்க மாட்டேன்."

அவர் கடைக்கு வரப்போகும் வழியிலேயே நான் திரும்பினேன். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கடை வரைக்கும் நடந்தேன். நடைபாதை எங்கே உடைந்திருக்கிறது, ஆட்டோ எங்கே நிற்கும் என்று குறித்துக்கொண்டேன். அண்ணாச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்து, மற்றதையெல்லாம் கேட்டு எழுதினேன். இந்தத் தடவை அவர் மாவுக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரே பக்கம், ஒரே ஊர். பின்பக்கச் சரிவு வழியின் படத்தை மேலேயே போட்டேன். புண் இருந்தால் காலை மாட்டாதீர்கள், நடக்காதீர்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள் என்பதை முதல் வரியாக வைத்தேன். கடைக்கு வராதே என்று ஆரம்பிக்கிற வெப்சைட் உலகத்திலேயே இதுதான் என்று அண்ணாச்சி சொன்னார். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் உடனே ஓடோடி மேலே வந்துவிடவில்லை. ஏரல் என்று தேடினால் கடை இப்போது முதலில் வராது. எங்கேயோ கீழே வரும். போன்கள் குறைவுதான். ஆனால் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வந்துவிடுகிறார்கள் என்கிறார் அண்ணாச்சி.

அந்த வருடம் செப்டம்பரில் அவர் என்னைக் கூப்பிட்டு, புண் ஆறி, புதுக்கால் மாட்ட ஆலந்தலைக்காரர் வந்திருக்கிறார் என்றார். போனேன். இரண்டு பக்கக் கம்பிகளுக்கு நடுவில் புதுக்காலோடு அவர் நின்றுகொண்டிருந்தார். பின்வழியாக வந்தீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். அந்த அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாதம் தரையில் பதிகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியின் முனை வரை போய்த் திரும்பி வந்ததும், "நாளையிலேர்ந்து நான் ஏலத்துக்குப் போலாம்" என்று கணவரிடம் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

வேலை இன்னும் அதே வேலைதான், அதே அலுப்புதான். கடைக்காரர்கள் இன்னும் படம் அனுப்புவதில்லை, முதல் இடம் மட்டும் கேட்கிறார்கள். ஆனால் எந்தப் பக்கத்தை முடித்தாலும், இதை மட்டும் நம்பி ஒருத்தர் வெயிலில் பஸ் ஏறுவார் என்று நினைத்து ஒரு தடவை படித்துப் பார்க்கிறேன், அப்படிப் படிக்கும்போது நான் எழுதியதில் பாதியை இன்றைக்கும் அழிக்க வேண்டியிருக்கிறது.