நிலக்கரி காணாத ஆலோசகர்

சீமோன் நிலக்கரியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் 1994இல் ரொறொன்ரோவில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ ஓர் ஏழை நாட்டின் கிராமத்து நிலக்கரிக் குழிகளுக்கு ஐந்து மாதம் ஆலோசனை சொன்னார். காரணம் நான்தான்.

ரொறொன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில், எங்கள் மாடியில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும், நிரப்புவது என் தலையில்தான் விழும். சீமோன் யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டியவர். சண்டை தொடங்கியபின் குண்டுக்குப் பதுங்க வீடு வீடாகப் பங்கர் வெட்டியவர். மனைவி செலீனைக் கனடாவுக்குக் கூப்பிட அவருக்கு ஒரு வேலைக் கடிதம் வேண்டியிருந்தது. வேலைக்கான விண்ணப்பத்தில், "நிலத்துக்கு அடியில் பதினான்கு வருட அனுபவம்" என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கூப்பிட்டது, ஏழை நாடுகளின் நிலக்கரிக் குழிகளுக்கு அறிக்கை எழுதும் ஒரு சுரங்க ஆலோசனை நிறுவனத்தின் கந்தோர். மொழிபெயர்க்க நானும் போனேன். கூரை இடியாமல் எப்படித் தாங்குவீர்கள் என்று கேட்டார்கள்.

"பனங்குத்தி," என்றார் சீமோன். பனைமரத் துண்டு என்று மொழிபெயர்த்தேன். மூன்று எஞ்சினியர்களும் எழுதிக்கொண்டார்கள்.

குழிக்குள் கெட்ட காற்று இருந்தால்? விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பாராம். மூத்த எஞ்சினியர் பேனாவை வைத்துவிட்டார். நிலக்கரிக் குழியில் அப்படிச் செய்தால் எல்லாமே வெடித்துவிடும் என்றார்.

"அப்ப அதுக்குள்ளை ஏன் ஆக்களை இறக்கிறியள்?" என்று கேட்டார் சீமோன்.

வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே மொழிபெயர்த்தேன். மூத்த எஞ்சினியர் பேனாவைத் திரும்ப எடுத்தார். பிறகு, இதைக் கேட்க இங்கே ஆளில்லை என்று சொல்லி, அன்றைக்கே வேலை கொடுத்தார்கள். அதன்பின் ஒவ்வோர் அறிக்கைக்கும் சீமோன் அதே கேள்வியைக் கேட்பார். அவர்கள் அதைக் கடைசிப் பக்கத்தில் ரைப் அடிப்பார்கள்.

கொழும்பிலிருந்த கனடா விசா அதிகாரி வேலைக் கடிதத்தை நம்பவில்லை. ரொறொன்ரோவில் நிலக்கரியே இல்லை, இப்படி ஒரு வேலை இருக்க முடியாது என்று மறுத்துவிட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஊர் முழுக்கப் பொய் எழுதிப் பாஸாகிறது. நான் எழுதிய ஒரேயொரு உண்மை திரும்பி வருகிறது.

சீமோன் கோபப்படவில்லை. "அருளண்ணை, நம்பக்கூடிய வேலை ஒண்டு சொல்லுங்கோ," என்றார் என்னிடம்.

கந்தோரை விட்டுவிட்டு அஜின்கோர்ட்டில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவப் போனார். புதுக் கடிதம் மூன்றே வரி. மூன்று மாதத்தில் செலீனுக்கு விசா வந்தது.

விமான நிலையத்தில் செலீன் முதலில் பார்த்தது அவருடைய கைகளைத்தான். சவர்க்காரத் தண்ணீரில் ஊறித் தோல் உரிந்திருந்தது.

"கந்தோரிலை உங்கடை இடத்துக்கு இப்ப ஆர்?" என்று கேட்டாள்.

"ஒருத்தரையும் எடுக்கேல்லையாம்."

"அப்ப, ஏன் ஆக்களை இறக்கிறியள் எண்டு நீங்கள் காயிதத்திலை எழுதின அந்தக் கேள்வியை இனி ஆர் கேக்கிறது?"

சீமோன் என்னைப் பார்த்தார். என்னிடம் நிரப்பப் படிவம் ஒன்றும் இல்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.