போனக்காட்டுக் கடுப்பம்

தம்பானூர்ச் சாயாக்கடைக்காரர் என்னைக் கொல்லப் பார்க்கிறார் என்றே நம்பினேன். உத்தியோகத்தில் சேரத் திருநெல்வேலியிலிருந்து மலையாள நாட்டில் வந்து இறங்கிய காலை அது. அடர்ந்த புருவம், சிரிப்பே ஏறாத முகம். யார் குடித்தாலும் கடைசிச் சொட்டு இறங்கும்வரை முறைத்துக்கொண்டே நிற்பார்.

“போனக்காட்டு மலைத் தேயிலையாக்கும். நல்ல கடுப்பம் உண்டு” என்றார்.

எங்கள் ஊரில் கடுப்பு என்றால் சீதபேதி. “கடுப்பா!” என்று அலறினேன்.

“பின்னே? அதுக்குத்தானே ஓய் ஆளுகள் தேடி வருது! மிச்சம் வைக்காம குடியும்!”

முறைப்புக்குப் பயந்து குடித்தேன். ஆபீசை மறந்து, தங்க இடம் பிடித்திருந்த சத்திரத்துக்கு ஓடி, கக்கூஸ் வாசலிலேயே சாயங்காலம்வரை காவல் இருந்தேன். சத்திரத்துக்காரர்தான் சிரித்துவிட்டுச் சொன்னார், மலையாளத்தில் கடுப்பம் என்றால் ‘ஸ்ட்ராங்’ என்று.

அந்த மனிதர் ஏன் அப்படி முறைத்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலையில் ஒருநாள் தாமதமாகச் சேர்ந்தேன்.