பின்சீட்டில் ஒரு பிரேக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புதான், அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போட மட்டும். முன்னே நடந்ததைப் பின்னே சொல்வேன், நடுவில் மறந்தும் போவேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பேய் பிசாசை நம்புகிற ஆளும் இல்லை நான். தேயிலைக் கொழுந்து பறிக்கிற காலத்தில் பனிமூட்டத்துக்குள் வெள்ளையாக ஏதோ நிற்கிறது என்று மற்றவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள், நான் போய்ப் பார்த்தால் காற்றில் பறந்து வந்த உரச் சாக்காக இருக்கும். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது, அதுவும் நடுராத்திரியில் இல்லை, சோறு தின்றுவிட்டுக் கை கழுவுகிற நேரத்தில்.

என் மகள் சுமதிக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கிய பிள்ளை. அது வயிற்றுக்குள் சரியாகத் திரும்பவில்லை, வலி கண்டால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வந்துவிட வேண்டும் என்று தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சனி ஞாயிறில் எங்கள் பக்கத்து ரோடு உங்களுக்கே தெரியும், சுற்றுலா பஸ்களைத் தாண்டி ஆம்புலன்ஸ் தோட்டத்து மேட்டில் வரிசையாக இருக்கும் எங்கள் லைன் வீட்டுக்கு ஏறி வருவதற்குள் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்திவிடலாம். அதனால் மருமகன் குமரனின் பழைய காரைத்தான் நம்பியிருந்தோம். அந்தக் காருக்குத்தான் கேடு வந்தது.

கோலா தெர்லாவுக்குப் போய்விட்டு மருமகனும் நானும் திரும்பும்போது வளைவில் முட்டைக்கோஸ் லோரி ஒன்று நேரே வந்தது. அவர் பிரேக்கை மிதித்தார், பின்சீட்டில் இருந்த நானும் என் பங்குக்குத் தரையை ஓங்கி மிதித்தேன், கார் போய் ரோட்டோரத்தில் தண்ணீர் ஓடுகிற பெரிய கானுக்குள் இறங்கியது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றிலிருந்து பிரேக் பிடித்தால் கார் உதறும். சும்மா உதறல் இல்லை, என் பல்செட்டு வாய்க்குள்ளே தாளம் போடும்.

பிரிஞ்சாங்கில் கார் பார்க்கிற ஆ லியோங்கிடம் கொண்டுபோனோம். சீனர்தான், ஆனால் எங்கள் லைன் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர், அவர் தமிழில் திட்ட ஆரம்பித்தால் நம்மாட்களே காதைப் பொத்திக்கொள்வார்கள். ஓடும்போது உதறுகிறதா, பிரேக் பிடித்தால் மட்டுமா, ஸ்டியரிங் ஆடுகிறதா, சீட்டு ஆடுகிறதா என்று டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரமாம், சீட்டு ஆடினால் பின்சக்கரமாம். சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே சேறும் தேயிலைக் குச்சியும் அப்பிக் கிடந்தன, ரிம்மும் நெளிந்திருந்தது. எல்லாவற்றையும் கழுவி, ரிம்மை மாற்றி, பிரேக் டிஸ்க்கையும் புதிதாகப் போட்டார். தனியாக ஓட்டிப் பார்த்தார், வெண்ணெய் மாதிரி போனது. நான் ஏறினேன், பழையபடி உதறியது.

நான் இறங்கினால் சரியாகிவிடும், ஏறினால் உதறும். பாரம் தாங்கவில்லையோ என்று ஆ லியோங் யோசித்து, அத்தை எவ்வளவு எடை இருப்பார் என்று மருமகனிடம் கேட்டார். மருமகன் என் முகத்தைப் பார்க்காமல், "ரெண்டு மூட்டை வரும்" என்றார். பக்கத்துக் கடையிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தூக்கி வந்து என் இடத்தில் உட்கார வைத்து ஓட்டினார்கள். உதறவே இல்லை. உருளைக்கிழங்கை விடக் கேவலமாகப் போய்விட்டேனே என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கடைசியில் ஆ லியோங் மருமகனை ஓட்டச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கொஞ்ச தூரம் போனதும் குனிந்து என் காலையே பார்த்தார்.

"அக்கா, நீங்க பிரேக் பிடிக்கிறீங்க லா."

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்த விபத்துக்குப் பிறகு மருமகன் மிதிக்கும்போதெல்லாம் என் காலும் தானாகத் தரையை மிதித்திருக்கிறது. காலை மடக்கி மேலே வைக்கச் சொன்னார், உதறல் இல்லை. கீழே வைத்து மிதிக்கச் சொன்னார், உதறியது. அத்தோடு விட்டிருக்கலாம். அவர் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொல்லி, மருமகனையும் இறங்கச் சொல்லி, பின்னால் போய் நின்றுகொண்டு என்னை மட்டும் மிதிக்கச் சொன்னார். நம்பினால் நம்புங்கள், பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிந்ததாம். முன்சீட்டில் ஆளே இல்லை. எடுக்கச் சொன்னார், அணைந்தது. டயர் கடைக்காரர், மீ கோரேங் நூடுல்ஸ் விற்கிறவர் எல்லாரும் கூடிவிட்டார்கள், இன்னொரு தடவை மிதிங்க, இன்னொரு தடவை மிதிங்க என்கிறார்கள், நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மிதித்துக்கொண்டிருக்கிறேன். ஆ லியோங் வயர்களை எல்லாம் பிரித்துத் தேடிவிட்டு, ஒன்றும் கிடைக்காமல், கடைக்குள் இருக்கும் சிவப்புச் சாமி மாடத்தில் ஊதுபத்தி ஏற்றி வைத்தார். மருமகனிடம் சொன்னது இதுதான்: "இந்தக் காருக்கு ரெண்டு டிரைவர் தம்பி. பின்னாடி டிரைவரைச் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லு."

அந்த வாரம் சனிக்கிழமை, மத்தியானச் சோறு தின்று முடித்த நேரத்தில், சுமதிக்கு வலி வந்துவிட்டது. நான் வரவில்லை, நீங்கள் போங்கள் என்றேன். அவள் கேட்கவில்லை. "நீ வராட்டி நான் போவல ம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மருமகன், "அத்தை, ஏறுங்க, ஆனா கால மட்டும் கீழ வச்சிடாதீங்க" என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். அவர் முன்னால் கால்மேல் கால் போட்டுக்கூட உட்கார்ந்ததில்லை நான், அன்றைக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சுமதி ஒருக்களித்துப் படுத்து என் மடியில் தலை வைத்துக்கொண்டாள்.

எங்கள் தோட்டத்து ரோடு தேயிலைக்கு நடுவே செங்குத்தாக இறங்கிப் பெரிய ரோட்டில் போய் முட்டும். மழை விட்டுப் பனி இறங்கியிருந்தது. பாதியில் மருமகனின் கழுத்தெல்லாம் வேர்க்கிறது, அந்தக் குளிரில்.

"அத்தை, பிரேக் இல்ல."

மெதுவாகத்தான் சொன்னார். பிரேக்கை மிதிக்கிறார், அது சொதசொதவென்று அடிவரைக்கும் போகிறது. கைப்பிரேக்கை இழுத்தார், அதுவும் அகப்பை மாதிரி வெறுமனே மேலே வந்தது. கீழே பெரிய ரோட்டில் பஸ்கள் வரிசையாகப் போவது தெரிகிறது. அதற்குப் பிறகு அவர் கத்தினார்.

"அத்தை, மிதிங்க!"

என் கால் பிரேக்கை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த மனுஷன், அன்றைக்கு என் காலைத்தான் நம்பினார். எப்படி மிதிப்பது? மடியில் பிள்ளைத்தாய்ச்சியின் தலை, இரண்டு காலும் மரத்துப்போய்க் கட்டை மாதிரி கிடக்கின்றன. முனியாண்டி என்று கூப்பிடக்கூட வாய் வரவில்லை. அப்போது உதறியது பாருங்கள், கதவெல்லாம் கழன்று விழுகிற மாதிரி, பழைய உதறல்தான், ஆனால் நாலு மடங்கு. உதறி உதறி, பெரிய ரோட்டுக்கு ஒரு எட்டு இருக்கும்போது நின்றது. சுற்றுலா பஸ் ஒன்று எங்கள் மூக்குக்கு முன்னால் போனது, ஜன்னலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் எனக்குக் கையாட்டினாள்.

காய்கறித் தோட்டத்து ஜீப் ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. என் கால் நீட்ட வரவில்லை, இரண்டு பேர் என்னைச் சம்மணம் கலையாமல் கொலு பொம்மை மாதிரி தூக்கி ஜீப்பில் வைத்தார்கள். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம்.

ஆ லியோங் வந்து காரைப் பார்த்தார். விபத்தில் நசுங்கிய பிரேக் பைப் ஒன்று உள்ளே மறைவில் இருந்திருக்கிறது, அது வெடித்து எண்ணெய் சொட்டு இல்லாமல் ஓடிப்போயிருந்தது, கைப்பிரேக் கம்பியும் அறுந்து கிடந்தது. தலையில் அடித்துக்கொண்டார். "இந்த வண்டி நிக்க முடியாதுக்கா. எப்படி நின்னுச்சு?" என்று என்னையே கேட்டார்.

மருமகன் லைன் முழுக்க என் கால் மகிமையைப் பரப்பிவிட்டார். ஒருவர் புது மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து, ஆயா ஒரு மிதி மிதித்துக் கொடுங்கள் என்று வாசலில் நிற்கிறார். நான் மிதிக்கவில்லை என்று சொன்னால் கூச்சத்தில் சொல்கிறேன் என்கிறார்கள். தூக்கிக்கொண்டு போன ஆட்களைக் கேளுங்கள், என் கால் கீழே இல்லை. அப்படியென்றால் மிதித்தது யார் கால்?

அந்த நேரத்தில் காரின் தரையைப் பார்த்தபடி படுத்திருந்தது சுமதி ஒருத்திதான். என்ன பார்த்தாய் என்று கேட்டால், வலியில் கிடந்தவளுக்கு என்ன தெரியும் என்று பேச்சை மாற்றிவிடுகிறாள். ஆனால் அன்றிலிருந்து யார் காரில் ஏறினாலும் பின்சீட்டில் காலைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறாள், செருப்பை மட்டும் வைத்துவிட்டுக் காலை மேலே தூக்கிக்கொள்கிறாள். மடியில் இருக்கும் குழந்தையின் கால் கீழே தொங்கினால்கூடப் பதறித் தூக்கிவிடுகிறாள்.

நாள் கிழமை, பைப்பு, டிஸ்க்கு இதிலெல்லாம் நான் தப்பாக எழுதியிருந்தால் ஆ லியோங்கைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே சுமதியையும் யாராவது ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். என்னிடம் அவள் சொல்ல மாட்டாள்.