வலையை இறக்கிய படகு

"தென்துருவத்து மீன்குஞ்சு எங்க போய் ஒதுங்கும் எண்டு சொல்ற புள்ளைக்கு, ஒங்கட காக்கா எங்க கிடக்காரு எண்டு சொல்லேலாதா?"

என்று ஜெனூபா ஷாஹினாவிடம் கேட்டாள். ஜெனூபாவின் கணவன் நஸீர், ஷாஹினாவின் காக்கா, கூடப்பிறந்த அண்ணன். கூட வரவேண்டியவனுக்குக் காய்ச்சல் என்று தனியாகக் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தாகிவிட்டது. சாய்ந்தமருதுக் கரையில் தேடிப்போகப் படகுகள் நின்றன. எந்தப் பக்கம் போவது என்பதுதான் தெரியவில்லை.

ஷாஹினா பல்கலைக்கழகத்தில் பனிக்கடல் மீன்களை ஆராய்கிறவள். வெளிநாட்டிலிருந்து வரும் மரபணு விவரங்களை நீரோட்டக் கணக்கோடு கணினியில் பொருத்திப் பார்ப்பாள்.

"எங்கட கடல்ல மீனில்லையாடி? அந்தக் குளிருக்குள்ள போய்க் குஞ்சுக்கு வாப்பா யாரு எண்டு பாக்கிறியே!" என்று நஸீர் கிண்டல் செய்வான்.

குஞ்சுகள் மாதக்கணக்கில் மிதப்பவை. நீரோட்டம் அவற்றை வெகுதூரம் சிதறடித்திருக்க வேண்டும். ஆனால் ஒரு குடாவின் மீன்கள் அடுத்த குடாவின் மீன்களோடு கலக்கவேயில்லை என்று மரபணு காட்டியது. குஞ்சுகள் ஓட்டம் குறைந்த ஆழத்துக்கு இறங்கிப் பிறந்த இடத்திலேயே தங்கிவிடுகின்றன என்று அவள் எழுதினாள்.

ஜெனூபா கேட்ட அன்று அதே கணினியில், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றையும் நீரோட்டத்தையும் போட்டாள். படகு கிழக்கே வெகுதூரம் போயிருக்கும் என்று காட்டியது.

"உறுதியா, புள்ள?" என்றார் படகுக்காரர் ஷரிபுதீன் மாமா.

"ஓம் மாமா. எஞ்சின் நிண்டா காத்து அங்கதான் தள்ளும்."

எல்லாப் படகுகளும் கிழக்கே போயின. வெறுமனே திரும்பின.

பல நாள் கழித்து வினாயகபுரத்து மீனவர்கள் அந்தப் படகைக் கண்டார்கள். கரையிலிருந்து அதிக தூரமில்லை. படகில் யாருமில்லை. குடிதண்ணீர் கொண்டுபோன கான் காலியாகக் கிடந்தது. முன்பக்கக் கயிற்றில் வலை முழுவதும் கடலுக்குள் தொங்கியது.

எஞ்சின் நின்றால் வலையை இறக்கிக் காற்றுக்கு ஈடுகொடுப்பது அந்தக் கரையில் எல்லோரும் செய்வது; தண்ணீருக்குள் தொங்கும் வலை படகை இழுத்துப் பிடித்து வெகுதூரம் போகவிடாது. ஷாஹினா சின்ன வயதிலிருந்து கேட்ட கதை அது. மாமாவுக்கும் தெரியும், கணினி சொல்கிறதே என்று வாய் திறக்கவில்லை. குஞ்சுகள்கூடச் சும்மா அடிபட்டுப் போவதில்லை என்று எழுதியவள், காக்காவை மரக்கட்டையாக வைத்துக் கணக்குப் போட்டுவிட்டாள்.

ஜெனூபா மைத்துனியை ஏசவில்லை. "அவரு பக்கத்திலதான் நிண்டிரிக்காரு மச்சி. நாமதான் போகல்ல" என்றாள்.

இப்போது ஷாஹினா ஊருக்கு வந்தால் கரையில் நின்று கேட்கிறாள்: "எஞ்சின் நிண்டா என்ன செய்வீங்க?"

"அல்லாஹ்கிட்ட துஆ கேப்பம், வேறென்ன!" என்று சிரிக்கிறார்கள். சிலர் நின்று பதில் சொல்கிறார்கள்.

இதை வாசிக்கும் நீங்கள், கடலுக்குப் போகிறவர் உள்ள ஒரு வீட்டிலாவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் புறப்படும் முன் வீட்டாரும் அந்தக் கேள்வியைக் கேட்டு வைக்கட்டும்; தேட வேண்டி வந்தால் எங்கே தேடுவது என்று தெரியும்.