என் கையால் திரித்த பஞ்சு

சென்ற பங்குனியில் ஒரு நாள், பகல் சரியாகப் பன்னிரண்டு நாற்பதுக்கு எங்கள் வீட்டுச் சமையலறைத் தரை அதிர்ந்தது. சிவகாசியில் இருப்பவர்கள் சோதனை வெடியைக் காதால் கேட்போம். விபத்தைக் காலால்தான் அறிவோம். ஆமத்தூர்ப் பாதையில் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். சற்று முன்புதான் என் மகன் அச்சகத்திலிருந்து லேபிள் கட்டுகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தான்.

பழைய வண்டி அது. அதன் சத்தத்தில் நாள் முழுக்க அலைந்துவிட்டு வந்தால் அவனுக்கு இரவெல்லாம் காதுக்குள் இரைச்சல். சாப்பிடக் கூப்பிட்டாலும் இரண்டு தரம் கத்த வேண்டும். பயந்துபோய் அன்று காலை நானே பஞ்சைத் தேங்காயெண்ணெயில் நனைத்துத் திரித்து, இரண்டு காதிலும் அழுத்தி வைத்தேன்.

"காத அடைச்சு அனுப்புறியே, ரோட்டுல ஒருத்தன் கத்துனா எப்புடிக் கேக்கும்?" என்றார் அவன் அப்பா.

"நீங்க சும்மா இருங்க. முப்பது வயசுல செவிடனா நின்னா எவன் பொண்ணு குடுப்பான்?" என்றேன்.

தரை அதிர்ந்ததும் அவர் சைக்கிளில் மகனைத் தேடிப் போனார். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். தினமும் சபித்த அந்த வண்டிச் சத்தம் ஒரு தரம் கேட்டுவிடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஜட்கா வந்து நின்றது. மகன் இறங்கினான், முழங்கையில் சிராய்ப்பு மட்டும். பின்னாலேயே கையில் கட்டுடன் ஒரு பெண், வெடிக் கம்பெனியில் வேலை செய்பவள்.

நடந்ததை அவள்தான் சொன்னாள். கொட்டகையில் புகை கண்டதும், தொங்கவிட்டிருக்கும் தண்டவாளத் துண்டை விடாமல் அடித்திருக்கிறார்கள். அது கேட்டால் சாலையில் போகிற மாட்டுவண்டிகூட நின்றுவிடும். எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். என் மகன் மட்டும் நிற்கவில்லை. சாப்பிட வெளியே வந்திருந்த அவள் ஓடிப்போய் வண்டிக்குக் குறுக்கே நின்றிருக்கிறாள். இருவரும் விழுந்தார்கள். அவள் மணிக்கட்டு முறிந்தது. அடுத்த நிமிடம் கொட்டகை வெடித்து, அவன் கடக்கவிருந்த இடத்தில் கல்லும் ஓடும் வந்து விழுந்தன.

மகனுக்கு இன்னும் காது இரைகிறது. அதற்கு என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. விளக்குத் திரிக்காகப் பஞ்சைத் தொட்டாலும், அன்று முறியாத கையை விரித்து, எண்ணெய் மணக்கும் இரண்டு பஞ்சுருண்டைகளை நீட்டி அவள் சொன்னதுதான் நினைவுக்கு வருகிறது:

"ரோட்டுல வச்சு இத நாந்தான் புடுங்குனேன். ஆரு வச்சதுன்னு கேட்டேன். எங்கம்மான்னாரு தம்பி. நல்லா நாலு வார்த்த வஞ்சிட்டுப் போகணும்னுதான் வந்தேன். ஒங்க மொகத்தப் பாத்தா வாய் வரலக்கா. இந்தாங்க."