கடலைத் திருப்பிக் கேட்டேன்

இத்தாலியின் பலெர்மோ நகரில், ஈழத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களில் சிலர் இப்போது என்னுடன் பேசுவதில்லை. சாமிக்குக் கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கியவள் என்கிறார்கள். உண்மைதான், வாங்கினேன். பல்லரோ சந்தையில் இந்தக் கதை பலவிதமாக உலவுவதால், நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

என் மகள் ஆஸ்திரேலியாவில் சுழியோடி. கேர்ன்ஸ் நகரத்திலிருந்து பவளத்திட்டுகளுக்குப் போகும் படகு ஒன்றில் வேலை செய்கிறாள். முதுகில் காற்றுச் சிலிண்டர், வாயில் குழாய், பின்னால் நாலைந்து சுற்றுலாக்காரர். அவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய் மீன் காட்டிவிட்டு, எண்ணிக்கை குறையாமல் மேலே கொண்டுவர வேண்டும். பலெர்மோவில் பிறந்த பிள்ளை அவள். மொந்தெல்லோக் கடற்கரையில் மற்றப் பிள்ளைகள் மணல் வீடு கட்டும்போது, இவள் தண்ணீருக்குள் முகத்தை அமிழ்த்தி வைத்துக்கொண்டு கிடப்பாள். நான் கரையில் நின்று கத்துவேன். பயம் என்னோடு பிறந்தது. நான் ஊரில் முடித்த பட்டப்படிப்பும் அதைப் போக்கவில்லை.

அங்கிருந்து அவள் அனுப்பும் காணொளிகளை லிபெர்த்தா வீதியில் நான் பராமரிக்கும் வயதான இத்தாலிய அம்மாவின், சிஞ்ஞோராவின், சமையலறையில் வைத்துப் பார்ப்பேன். மேசை அளவு களவா மீன் ஒன்று அவளை நாய்க்குட்டிபோலத் தொடரும். கணவாய் ஒன்று அவள் நீட்டிய விரலைப் பார்த்துப் பார்த்து நிறம் மாறும். ஆமை பாறைக்குக் கீழே தலையை மட்டும் செருகிவிட்டு, முழுதாக ஒளிந்துவிட்ட நினைப்பில் தூங்கும். மணலோடு மணலாகக் கம்பளம்போல் ஒரு சுறா படுத்திருக்கும், வாயைச் சுற்றித் தாடி. சிஞ்ஞோரா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்ப்பார். பிறகு, அந்தக் களவாவை உருளைக்கிழங்கோடு அடுப்பில் வைத்தால் எத்தனை பேருக்குக் காணும் என்று கேட்பார்.

படகு கரையை நெருங்கித் தொலைபேசி வேலை செய்யத் தொடங்கியதும் மகள் ஒரு சொல் அனுப்புவாள்: "வந்திட்டன்." அங்கே மாலை, இங்கே காலை. அந்தச் சொல் வந்த பிறகுதான் எனக்கு நாள் விடியும்.

மாசி மாதத்தில் ஒரு காலை அந்தச் சொல் வரவில்லை. பல்லரோவில் மேல்வீட்டு அக்காவுடன் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். தொலைபேசியில் மகளின் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. மீன்காரனின் கூச்சலுக்கிடையே காதோடு அழுத்திக் கேட்டேன்.

"அம்மா, நான் சாகப்போறன். பயத்திலை சொல்லேல்லை, எனக்கு வடிவாத் தெரியும். அப்பாட்டைச் சொல்லுங்கோ. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பிறகு முனகல். பிறகு ஒன்றுமில்லை. திருப்பி எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. படகு நிறுவனத்து எண்ணிலும் எவரும் எடுக்கவில்லை. அக்காதான் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"நிண்டு என்ன செய்யப்போறீர்? வாரும் பிள்ளை, மலைக்குப் போவம்."

பெல்லெக்ரீனோ மலையில் ஒரு குகை. அதற்குள் இந்த நகரத்தின் காவல் புனிதை கண்ணாடிக்குப் பின்னால் சிலையாகப் படுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள், சைவரும் வேதக்காரரான கிறிஸ்தவரும், பழைய கல்பாதையால் வெறுங்காலோடு அங்கே ஏறுவார்கள். வேலை கிடைக்க, விசா கிடைக்க, பிள்ளை பிறக்க, எல்லாவற்றுக்கும் அங்கேதான் நேர்த்திக்கடன். அன்று ஞாயிறு அல்ல. அரைவாசித் தூரம் வரை மீன் பையும் கையில் இருந்தது. எங்கே விட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

குகைக்குள் முழங்காலில் விழுந்து, அக்கா கேட்கச் சத்தமாகச் சொன்னேன்: "என்ரை பிள்ளையைத் தா. அவள் இனி கடலுக்குள்ளை இறங்கமாட்டாள். இது சத்தியம்."

இறங்கி வரும் வழியில் தொலைபேசி அடித்தது. மருந்து மயக்கத்தில் தேய்ந்த குரல். "அம்மா, சாகேல்லை. ஒரு சொறிமுட்டை."

நாங்கள் சொறிமுட்டை என்பதை ஜெல்லி மீன் என்றும் சொல்வார்கள். அந்தக் கடலில் விரல்நகம் அளவில் ஒன்று உண்டு. கண்ணாடிபோல் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. உடம்பு முழுவதும் ஒட்டிய உடுப்பு போட்டிருந்தாள். முகமூடிக்கும் வாய்க்குழாய்க்கும் இடையில் கன்னத்தில் கொஞ்சத் தோல் வெளியே இருந்திருக்கிறது, அங்கே பட்டுவிட்டது. முதலில் எறும்பு கடித்ததுபோல். அரை மணித்தியாலத்தில் முதுகின் அடியில் நாரியை முறிக்கும் வலி, வாந்தி, வியர்வை. கூடவே, சாவு வந்துவிட்டது என்ற நிச்சயம். அந்த நிச்சயமும் நஞ்சின் வேலைதான் என்று வைத்தியர் அவளுக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாளில் எழுந்து நடந்தாள்.

"பாத்தீரா?" என்றார் அக்கா. "குடுத்த உடனை தந்திட்டா."

அன்று நானும் அப்படித்தான் நம்பினேன்.

மகள் தேறி, திரும்பவும் வேலைக்குப் போகிறேன் என்றபோதுதான் நேர்த்தியைச் சொன்னேன். தொலைபேசித் திரையில் அவள் முகம் அப்படியே நின்றது.

"மா கே டிச்சி, அம்மா? என்ன சொல்றியள்? நீங்கள் நேர்ந்தா நீங்கள் செய்யுங்கோ. என்ரை கடலை ஏன் குடுத்தனீங்கள்?"

"பிள்ளைக்குத் தாய் நேர்றது வழமைதானே."

"ஓம், தெரியும். மொட்டை ஞாபகம் இருக்கு."

சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது அவளுடைய தலைமுடியை நேர்ந்தேன். இங்குள்ள கோயிலில் மொட்டை அடித்து, அடுத்த நாளே பள்ளிக்கு அனுப்பினேன். வகுப்பில் 'பெலாத்தா, பெலாத்தா' என்று மொட்டைப் பட்டம் வைத்துக் கத்தியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அழவில்லை. என் சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு கணக்குச் செய்தாள்.

"மயிர் வளர்ந்திட்டுது, அம்மா," என்றாள் இப்போது. "இது அப்பிடி இல்லை." பிறகு, "சரி. நீங்கள் அழுதுகொண்டு இருக்க என்னாலை கீழை போகேலாது. நீங்கள் இறங்கு எண்டு சொல்லுமட்டும் இறங்கமாட்டன்," என்றாள்.

நான் சொல்லவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

அதன்பிறகு மீன்கள் வரவில்லை. படகின் மேல்தட்டில் சுற்றுலாக்காரருக்குச் சாப்பாடு பரிமாறும் வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். நான் கேட்டால் ஒரு படம் அனுப்புவாள்: தர்ப்பூசணி வெட்டி அடுக்கிய தட்டு. அடுத்த நாள் அன்னாசி. பின்னால் கடல் நீலமாக இருக்கும், அவள் கையில் துடைக்கிற துணி இருக்கும். 'வந்திட்டன்' என்ற சொல்லும் நின்றுவிட்டது. போகாதவள் எங்கிருந்து வருவாள்?

நான் சிஞ்ஞோராவின் தட்டுகளைக் கழுவும்போது அவளுடைய பழத்தட்டுகள் கண்ணில் நிற்கும். தட்டுக் கழுவுவதில் எனக்குக் கேவலமில்லை. அந்த உழைப்பில்தான் அவளை வளர்த்தேன். ஆனால் அவள் என்னைப்போல் ஆவதற்காக வளர்க்கவில்லை.

வுச்சீரியாவில் ஓர் உணவகத்துக் குசினியில் வேலை செய்யும் என் கணவர் நிறையப் பேசும் மனிதர் அல்ல. ஒருநாள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இஞ்சாரும், பழம் வெட்டினா ஒருத்தரும் சாகமாட்டினம். அதுதானே உமக்கு வேணும்?"

அந்தப் படத்தைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன்.

அப்போதுதான் ஒன்று விளங்கியது. சாகப்போகிறேன் என்று மகள் சொன்னது நஞ்சு சொல்ல வைத்தது. நஞ்சு இறங்கியதும் அவள் அந்த எண்ணத்தை உதறிவிட்டாள். அதே நஞ்சு தொலைபேசி வழியாக எனக்கும் ஏறியது. மலையில் முழங்காலில் விழுந்து பேசியதும் அந்த விரல்நகச் சொறிமுட்டைதான். அவள் தெளிந்துவிட்டாள். நான்தான் இன்னும் அதன் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு சப்பாத்தோடு மலை ஏறினேன். பாதை தொடங்கும் இடத்தில் அக்காவும் இன்னும் சிலரும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன, சப்பாத்தோடை ஏறுறீர்?"

"இண்டைக்கு நேர்த்தி இல்லை அக்கா. வழக்கு."

"உமக்கு விசரே?"

சப்பாத்து நாடாவை இறுக்கிக்கொண்டு ஏறினேன். சாமிக் குற்றம் என்ற சொல் எனக்கு ஒன்றும் விளையாட்டல்ல. என் ஒரே பிள்ளையை வைத்துத்தான் வாதாடப் போனேன்.

குகையின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பிடிக்கத் தகரப் பீலிகள் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அவற்றில் ஓடும் சத்தத்துக்குள் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் படுத்திருப்பவளிடம் சொன்னேன்.

"நீ பெரிய வீட்டுப் பிள்ளையாம். அப்பா அம்மா சொல்லுக் கேளாமல் இந்தக் குகைக்கு வந்து இருந்தியாம். உன்ரை அம்மாவும் எங்கையோ நேர்ந்திருப்பா, பிள்ளை இறங்கி வரவேணும் எண்டு. நீ இறங்கினியா? இல்லை. இண்டைக்கு ஊரே உன்னட்டை ஏறி வருது. அப்ப என்ரை பிள்ளையின்ரை கடலை நீ வைச்சு என்ன செய்யப்போறாய்? அது எனக்குச் சொந்தமில்லை, நான் குடுத்தது பிழை. திருப்பித் தா. வேணுமெண்டால் என்ரை நித்திரையை எடு. அது என்ரை. தாராளமா எடு."

பின்னால் அக்கா மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. "நேர்த்தியை மீறினா பிள்ளைக்குத்தான் வரும், தெரியுமே?"

"வந்தால் உங்களைக் கேட்டே அக்கா வரும்?" என்றேன். "நேர்ந்தாலும் வந்திருக்கும். பழம் வெட்டேக்கையும் வரும்."

அந்த எச்சரிக்கைக்குப் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை.

வெளியே படிக்கட்டில் நின்று மகளை அழைத்தேன்.

"இறங்கு பிள்ளை."

"அம்மா? யோசிச்சுத்தான் சொல்றியளா?"

"யோசிச்சா சொல்லமாட்டன். கெதியா இறங்கு. ஆனா முகத்தை மூடு."

"முழுக்க மூடினா மூச்சு எப்பிடி விடுறது?"

"அதை நீயே பார். நீதானே சுழியோடி."

அவள் சிரித்த சிரிப்பில் தொலைபேசி கொர்ரென்றது. மலைக்குக் கீழே மொந்தெல்லோக் கடல் தெரிந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை.

திங்கள் காலை சிஞ்ஞோராவின் சமையலறையில் கார்சோஃபி உரித்துக்கொண்டிருந்தேன். முள் நுனி உள்ள, பூமொட்டுப் போன்ற காய் அது. இதழ் இதழாகக் களைய வேண்டும். செய்தி வரவேண்டிய நேரம் கடந்தது. மலைக்கு ஓடவில்லை. எவரையும் அழைக்கவில்லை. ஒரு காயை உரித்தேன், இன்னொன்றை உரித்தேன். முள் குத்தி விரலில் இரத்தம் வந்தது. சிஞ்ஞோரா கதவருகே நின்று, இன்றைக்கு மீன் இல்லையா என்று கேட்டார்.

அப்போது வந்தது. அந்தக் களவா, முழு முகமும் திரையை நிறைத்தபடி, வாயைத் திறந்து. அதற்குக் கீழே ஒரு சொல்: "வந்திட்டன்."

நேர்ந்தபடியே என் நித்திரை போய்விட்டது. போகட்டும். நாளைக்கும் அவள் இறங்குவாள்.