மாப்பிள்ளையை விசாரிக்க வந்தவர்

அண்ணா சிறையிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆவதற்குள் அம்மா அவருக்குப் பெண் தேடத் தொடங்கிவிட்டார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தைத் தணிக்க நான் முயன்றதும் இல்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ரொறன்ரோவுக்கு முதலில் வந்தவர் அண்ணா. படிக்க வந்து, வேலை எடுத்து, குடியுரிமை பெற்று, பிறகு அப்பாவையும் அம்மாவையும் என்னையும் ஸ்பொன்சர் செய்து அழைத்தார். நகரின் கிழக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். எங்கள் தளத்தில் ஒரு போர்த்துக்கேயப் பெண் தனியாக வாழ்ந்தார். நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில், நிலவறையில் துணி துவைக்கும் பொது அறையான லோன்றியில் எந்தத் துவாரத்தில் காசு போடுவது, கம்பளிச் சட்டையை ஏன் சூட்டில் காயவைக்கக் கூடாது என்றெல்லாம் அம்மாவுக்குக் கையால் காட்டிக் கொடுத்தவர் அவர்தான். அதே லோன்றியில் ஒரு பின்னேரம் அண்ணா கதவைச் சாத்திவிட்டு அந்தப் பெண்ணைப் பலாத்காரம் செய்ய முயன்றார். அவர் கத்தித் தப்பி ஓடி, நேரே பொலிசுக்குப் போனார்.

வழக்கு நடந்த நாட்களில் எங்கள் வீட்டிலிருந்து நான் மட்டும்தான் நீதிமன்றத்தில் இருந்தேன். அந்தப் பெண் சொன்னதைக் கேட்டேன். அண்ணா சொன்னதையும் கேட்டேன். நீதிபதி வாயைத் திறக்குமுன் எனக்குத் தீர்ப்புத் தெரிந்துவிட்டது.

சில மாதச் சிறை. அதன்பிறகு இரண்டு வருட நன்னடத்தைக் காலம். அதன் நிபந்தனைகளை, நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு செய்முறையைப் பாடமாக்குவதுபோலப் பாடமாக்கினேன். ஒன்று, குடும்பத்தோடு வாழ வேண்டும். இரண்டு, மாதம் ஒருமுறை நன்னடத்தை உத்தியோகத்தரிடம் போக வேண்டும். மூன்று, வேலையோ விலாசமோ மாறினால் உடனே அறிவிக்க வேண்டும். நான்கு, அந்தப் பெண்ணுக்கோ அந்தக் கட்டடத்துக்கோ கிட்டப் போகக் கூடாது. ஒன்றையும் நான்கையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கும்: குற்றம் செய்தவர் அவர், வீட்டைக் காலி பண்ணிப் பெட்டி கட்டியவர்கள் நாங்கள். நகரின் மேற்குப் பக்கத்தில், பார்க்டேலில், இரண்டு அறை கொண்ட வீட்டுக்கு வந்தோம். ஓர் அறை அவருக்கு. நான் வரவேற்பறைச் சோபாவில் படுத்தேன்.

உத்தியோகத்தர் இடையிடையே தொலைபேசியில் கூப்பிடுவார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆங்கிலம் போதாது. ஆகவே அண்ணா ஒழுங்காக வேலைக்குப் போகிறாரா, குடிக்கிறாரா, சண்டை பிடிக்கிறாரா என்பதற்கெல்லாம் பதில் சொல்வது என் பொறுப்பாயிற்று. நான் உள்ளதைச் சொன்னேன். முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரருக்கு எங்கள் வீட்டு நிலவரம் முழுவதும் தெரியும். எங்கள் ஆட்களுக்குச் சொன்னதோ, அண்ணா சிறையில் இருந்த மாதங்களில் வன்கூவரில் றெயினிங்கில், வேலைப் பயிற்சியில், இருந்தவர் என்பது.

"அட்டமத்துச் சனி. அதுதான் என்ர பிள்ளையை இப்பிடி ஆட்டி வைச்சது," என்பார் அம்மா.

"சனியே அம்மா லோன்றிக் கதவைச் சாத்தினது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாயை மூடு. ஒரு கலியாணத்தைச் செய்து வைச்சா எல்லாம் சரியா வரும்."

நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். ஒருவனுடைய வருத்தத்துக்கு இன்னொரு மனுசியை மருந்தாகக் கொடுக்கச் சொல்லி எந்த டொக்டரும் எழுதி நான் கண்டதில்லை.

பெண் யாழ்ப்பாணத்தில் இருந்தாள். என் வயது. என்னைப்போலவே தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவள். அங்கேயே இரண்டு சாதகத்தையும் பார்த்து, நல்ல பொருத்தம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் வழக்கப்படி மாப்பிள்ளையை விசாரிக்க ஆள் வந்தது. மொன்றியலில் இருந்த பெண்ணின் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தார்.

அவர் வருமுன் அம்மா வடை சுட்டுக்கொண்டே எனக்குக் கட்டளை இட்டார்: "வேலை, சம்பளம், குடி இல்லை, சிகரெட் இல்லை. இவ்வளவும்தான் உன்ர வாயால வரவேணும்."

மாமா மெலிந்த, நிதானமான மனிதர். கோட்டைக் கழற்றாமலே இருந்து வடையைப் பிய்த்துச் சாப்பிட்டார்.

"தம்பி வன்கூவரில கொஞ்சக் காலம் நிண்டனீராம்?"

"ஓம் அங்கிள். றெயினிங்."

"அங்க குளிர் எப்பிடி?"

"இங்கத்தையளவு இல்லை. மழைதான் கூட," என்றார் அண்ணா. கண் சிமிட்டவில்லை. அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இன்னொரு வடையை மாமாவின் தட்டில் வைத்தார். மழை கூடவாம். அந்த இடத்திலேயே எழும்பிக் கத்தியிருப்பேன். ஆனால் கத்தினால், தங்கச்சிக்குப் பைத்தியம் என்று சொல்லி அண்ணாவைக் காப்பாற்றிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

புறப்படும்போது மாமா, வீதித் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்கார் நிற்கும் தரிப்பிடத்தைக் காட்ட என்னை வரச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்த பார்வை முதுகில் சுட்டது. வீதிக்கு இறங்கியதும் மாமா நடையைக் குறைத்தார்.

"பிள்ளை, வீட்டுக்குள்ள ஆரும் உண்மை சொல்ல மாட்டினம். அதுதான் உம்மை வரச் சொன்னனான். அவளுக்கு மச்சாளா வரப்போறவ நீர். சொல்லும், உம்மட அண்ணர் எப்பிடி?"

நான் சொன்னேன். லோன்றி, வழக்கு, தீர்ப்பு, சிறை, நிபந்தனைகள் எல்லாவற்றையும் வரிசையாக, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ஸ்ரீற்கார் ஒன்று வந்து நின்று போயிற்று. அவர் ஏறவில்லை.

"இதை ஏன் பிள்ளை எனக்குச் சொன்னனீர்?" என்றார் கடைசியில்.

"நீங்கள் கேட்டனீங்கள்."

"கேக்கிறதுதான். ஆனா..." முகத்தைத் துடைத்தார். "சரி. சாதகம் பொருந்தேல்லை எண்டு சொல்லிவிடுறன். உங்கட குடும்பத்துக்கும் ஒரு மரியாதை இருக்குத்தானே."

அவருடைய மருமகள் தப்பிவிட்டாள். இனி வரப்போகிற பெண்ணுக்கு இந்த மனிதரும் வாய் திறக்க மாட்டார். மரியாதை என்று அவர் சொன்னது இதைத்தான்.

அந்தக் கிழமையே தொலைபேசி வந்தது. அம்மா, "ஓமோம், பறவாயில்லை, கடவுள் விட்ட வழி," என்று சொல்லி வைத்தார்.

"சாதகம் பொருந்தேல்லையாம்."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "சாதகம் பாத்துப்போட்டுத்தானே அந்தாள் பஸ் ஏறி வந்தது?"

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஓம். நான்தான் சொன்னனான்," என்றேன்.

"சொந்த அண்ணனை வித்திட்டியேடி!"

"விக்கப் பாத்தது நீங்கள். வாங்க வந்தவருக்கு நான் சாமான் என்னெண்டு சொன்னன்."

"இந்தக் கதை வெளிய போனா உன்னை ஆரடி கட்டுவான்?"

"அது என்ர பாடு. அந்தப் பிள்ளைக்கு இங்க ஆர் இருக்கினம்? பாஷை தெரியாது, காசில்லை, ஸ்பொன்சர் இவற்ர கையில. ஏதும் நடந்தா ஆரிட்டப் போவாள்? உங்களிட்டயோ? சனி எண்டு சொல்லி அனுப்புவியள்."

அறைக் கதவைத் திறந்துகொண்டு அண்ணா வந்தார். அவர் கத்தவில்லை.

"செய்ததுக்குச் சில மாதம் மறியலில இருந்திட்டன். இன்னும் உனக்கு என்ன வேணும்?"

அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வந்த நாளிலிருந்து வேலைக்கு ஒழுங்காகப் போனார். ஒரு நிபந்தனையையும் மீறவில்லை. ஆனால் அந்தப் போர்த்துக்கேயப் பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

"கட்டுங்கோ அண்ணா. ஆனா கட்டப்போறவளிட்ட முதல்ல நீங்களே சொல்லுங்கோ. அறிஞ்சு, அவள் ஓம் எண்டா, நானே கலியாணத்தில தோழியா நிக்கிறன். நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன். எத்தினை பேர் வந்தாலும் சொல்லுவன்."

"சொன்னா எந்தப் பொம்பிளை ஓம் எண்டுவாள்?"

கேட்ட பிறகுதான், தான் என்ன கேட்டார் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். அப்பா எழும்பிப்போய், சாமிப் படத்தின் கீழ் அம்மா வைத்திருந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணின் படத்தை எடுத்து உறையில் போட்டார்.

"நாளைக்கு நான் அனுப்பிவிடுறன்," என்றார். அவ்வளவு காலத்தில் இந்த விடயத்தில் அப்பா தானாகச் செய்த முதல் காரியம் அது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நான் கண்ணை மூடினா இவனுக்கு ஆர் சமைச்சுப் போடுறது?"

அவ்வளவுதான் விடயம். ஒருத்தியைக் கடல் கடந்து கொண்டுவர நினைத்தது அதற்காக.

"அவர் மறியலில குசினியிலதானே வேலை செய்தவர்," என்றேன். "மறியல் முழுக்கச் சமைச்சுப் போட்டவருக்கு எங்கள் நாலு பேருக்குச் சமைக்க ஏலாதோ?"

அம்மாவின் அழுகை அப்படியே நின்றது. அது அவருக்குத் தெரியாது. உத்தியோகத்தர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். நான் குசினிக்குப் போய் வெங்காயம், பலகை, கத்தி மூன்றையும் கொண்டுவந்து அண்ணாவின் முன்னால் வைத்தேன். அவர் கதிரையை இழுத்து இருந்து, வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினார்.